செமி ஹாலோ கிட்டாருக்குப் பிக்கப் மாற்றினேன்: முதலில் நெக், அப்புறம்தான் பிரிட்ஜ்

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும், காந்தமும் சுருளும் சேர்ந்த பாகம்) மாற்றக் கிளம்பும் பெரும்பாலானவர்கள், கம்பிகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜை ஒட்டிய பிரிட்ஜ் பிக்கப்பில்தான் முதலில் கை வைக்கிறார்கள். முழுக் கட்டையால் ஆன சாலிட் பாடி கிட்டாருக்கு அது சரி. உள்ளே பாதி வெற்றாக இருக்கும் செமி ஹாலோவில் நான் தலைகீழாகச் செய்வேன். இந்த வகைக் கிட்டாரை வாங்குவதே, கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்பின் திறந்த ஒலிக்காகவும், சுவிட்ச் நடுவில் இருக்கும்போது இரண்டும் கலந்து வரும் அந்தக் கணீர் சத்தத்துக்காகவும்தான். அதனால் நெக்கை முடிவு செய்துவிட்டு, அதோடு ஒத்துப்போகும் பிரிட்ஜைத் தேடினேன். எதை அளந்தேன், எதை ஒதுக்கினேன், எஃப் துளை (மேல்பலகையில் ‘f’ வடிவில் இருக்கும் திறப்பு) வழியாக வயரிங்கை எப்படி உள்ளே கொண்டுபோனேன் என்பதெல்லாம் கீழே.

கிட்டார், இ.எஸ்.-335 வடிவத்தைப் பின்பற்றிய ஒரு மலிவு மாடல். தயாரித்தவர் பெயர் இங்கே வேண்டாம். கிப்சன் 1958-இல் கொண்டுவந்த அமைப்பு இது: இரண்டு பக்கமும் உள்ளே வெற்றிடம், நடுவில் நீளவாக்கில் ஒரு மரக்கட்டை. பிக்கப்பும் பிரிட்ஜும் அந்தக் கட்டையின் மேல்தான் உட்காருகின்றன. அதே காலத்து இ.எஸ்.-330, எபிஃபோன் கசினோ ஆகியவை பார்க்க இப்படியே இருக்கும். ஆனால் அவை உள்ளே முழுக்க வெற்று. நடுக்கட்டை இருப்பதால் என்னுடையதில் ஆம்ப் சத்தத்தைக் கொஞ்சம் தைரியமாகவே கூட்டலாம். கூட்ட முடிந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. நெக்கில் மூன்று கம்பிக்கு மேல் சேர்த்து அடித்தால் எல்லாம் குழைந்து ஒன்றாகிவிடும். ஆறாவது கம்பியில் எந்த ஸ்வரம் வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பிரிட்ஜுக்கு மாற்றினால் சத்தம் திடீரென்று எகிறும், ஆம்பின் கெய்னைக் (சைகையைப் பெருக்கும் அளவை) கொஞ்சம் ஏற்றினால் கீச்சென்று கத்தும். நடு நிலையில் நெக் இருப்பதே தெரியாது, பிரிட்ஜ் அதை அப்படியே விழுங்கிவிடும்.

வாங்குவதற்கு முன் அளந்தவை

ஃபீட்பேக் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு தொல்லைகள். ஆம்பின் சத்தம் கம்பிகளையும் மேல்பலகையையும் அதிரவைத்து, அந்த அதிர்வு மறுபடியும் பிக்கப்புக்குள் போவது ஒன்று. இது ஏதாவது ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊளையாக வளரும். பிக்கப்புக்குள்ளேயே சுருளோ கவரோ தளர்ந்து, பிக்கப் ஒரு மைக்காகவே நடந்துகொள்வது இன்னொன்று. இது மெலிசான, காதைக் குத்தும் கீச்சு.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். வால்யூமை முழுக்கத் திறந்து, ஆறு கம்பிகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சத்தம் அடங்கினால் முதல் வகை. அதற்குப் பிக்கப் மாற்றுவதைவிட ஆம்பிலிருந்து தள்ளி நிற்பதுதான் வைத்தியம். கம்பியைப் பிடித்த பிறகும் கத்தினால் குற்றவாளி பிக்கப்தான். என் பிரிட்ஜ் கத்திக்கொண்டேதான் இருந்தது. பென்சில் முனையால் அதன் கவரைத் தட்டினால் ஆம்பில் டொக் டொக்கென்று துல்லியமாகக் கேட்டது. நெக்கைத் தட்டினால் லேசாக.

அடுத்து மல்டிமீட்டர். கிட்டாரைத் திறக்காமலே, ஜாக்கில் ஒரு கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே அளக்கலாம். வால்யூம் பாட்டும் (குமிழைத் திருகினால் மாறும் மின்தடை) இணையாகக் குறுக்கே நிற்பதால் நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். 8 கிலோ ஓம் என்பது 7.9 என்று வரும், அவ்வளவுதான். நெக் ஏறக்குறைய 8, பிரிட்ஜ் 14-க்கு மேல்.

இந்த ஓம் கணக்கைத்தான் விற்பவர்கள் பெரிதாகப் போடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. 1950-களின் கிப்சன் பி.ஏ.எஃப். ஹம்பக்கர்கள் (இரட்டைச் சுருள் பிக்கப்கள்; பெயர்க் காரணம் பின்னால்) பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓமுக்குள் இருந்தவை. எண்ணை மட்டும் பார்த்தால் என் நெக் பிக்கப் தேவலோக ஒலி தர வேண்டும், தந்ததோ கூழ். மின்தடை சொல்வது சுருளில் இருக்கும் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டும்தான். பழைய பாணி ஹம்பக்கர்களில் 42 கேஜ் கம்பி. அதிகச் சுற்று வேண்டும் என்று 43, 44 கேஜுக்குப் போனால், கம்பி மெலிந்ததாலேயே ஓம் எகிறிவிடும். ஒலி அந்த அளவுக்கு எகிறாது. போதாக்குறைக்கு வெப்பநிலை வேறு. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 8.0 காட்டும் பிக்கப் 35 டிகிரியில் 8.3 காட்டும். 7.9-ஆ 8.1-ஆ என்று சண்டை போடுபவர்கள் அறையின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

இதைவிட உருப்படியான எண் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பது). கையடக்க எல்.சி.ஆர். மீட்டர் இருந்தால் அளந்துவிடலாம். என்னுடையதில் நெக் 5 ஹென்றிக்குக் கொஞ்சம் கீழே, பிரிட்ஜ் 8-ஐ நெருங்கியது. பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்துதான் டிரெபிள் எந்த இடத்தில் ஒரு மேடு கட்டி அதற்குமேல் சரியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆறு மீட்டர் கேபிள், மொத்தம் 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 5 ஹென்றி பிக்கப்பின் மேடு 2900 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். 8 ஹென்றிக்கு 2300-க்கு இறங்கிவிடும். கேட்கும்போது இந்த 600 ஹெர்ட்ஸ் வித்தியாசம் நிறைய. மேடு கீழே இறங்க இறங்க ஒலி தடித்து, மூக்கால் பேசும்.

பிரிட்ஜ் ஏன் அப்படி என்பது இதில் விளங்கிவிட்டது. நெக் விளங்கவில்லை. 5 ஹென்றி என்பது பி.ஏ.எஃப். வகைக்கு நெருக்கமான, நல்ல அளவு. அப்படியென்றால் கூழ் எங்கிருந்து வருகிறது?

கவரைக் கழற்றினேன். அடித்தட்டோடு இரண்டு இடத்தில் சால்டர் வைத்திருந்தார்கள். சூடாக்கி உறிஞ்சி எடுத்ததும் கவர் கையோடு வந்தது. வெளியே பளபள குரோம். உள்பக்க ஓரத்தைக் கத்தி நுனியால் சுரண்டினால் மஞ்சள். பித்தளை. நல்ல பிக்கப் கவர்களை நிக்கல் சில்வரில் செய்வார்கள். அதில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான்; சுரண்டினால் வெளிறிய வெள்ளை தெரியும். பித்தளை மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதற்குள் சுழல் மின்னோட்டம் அதிகம் உண்டாகி, டிரெபிளைத் தின்றுவிடுகிறது. கவர் இல்லாமல் வாசித்தபோது ஒரு போர்வையை விலக்கியது போல இருந்தது.

கூடவே இன்னும் இரண்டு. நெக் வால்யூம் பாட்டின் முதுகில் 500 கிலோ ஓம் என்று எழுதியிருந்தது, அளந்தால் 410. பாட்டுகளுக்கு 20 சதவீத ஏற்ற இறக்கம் சகஜம் என்பதால் அதைக் குறையென்று சொல்ல முடியாது, ஆனால் டிரெபிள் கொஞ்சம் அங்கேயும் போகிறது. இன்னொன்று உயரம்: தடித்த கம்பிகளின் பக்கம் பிக்கப் கிட்டத்தட்ட கம்பியைத் தொடும் அளவுக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அதை இறக்கியதுமே பாதிக் கூழ் தெளிந்தது.

ஆக, நெக்கின் கோளாறில் பெரும்பங்கு சுருளிலும் காந்தத்திலும் இல்லை. உங்கள் புகார் நெக்கின் மந்தம் மட்டும்தான் என்றால், உயரத்தை இறக்குங்கள், பாட்டை அளந்து பாருங்கள், நிக்கல் சில்வர் கவர் ஒன்று போடுங்கள். புதுப் பிக்கப் தேவைப்படாமலே போகலாம். எனக்குப் பிரிட்ஜ் எப்படியும் மாற வேண்டியிருந்தது. நெக்கும் கவர் போன பிறகு தெளிந்ததே தவிர, பிக்கால் (மீட்டும் சின்ன வில்லையால்) கம்பியைத் தொடும் அந்த முதல் சொடுக்கு மழுங்கலாகவே இருந்தது. அதனால் இரண்டையும் மாற்றுவது என்று முடிவு.

எதை எடுப்பது

செமி ஹாலோவுக்கு என்று தேடினால் எல்லா வழியும் பி.ஏ.எஃப்.-இல்தான் போய் முட்டும். கிப்சனில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் அது. காப்புரிமைக்கு 1955-இல் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 1959-இல். நடுவில் வந்தவற்றின் அடியில் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாக, ‘பேட்டன்ட் அப்ளைட் ஃபார்’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த வாசகத்தின் முதலெழுத்துகள்தான் பெயராக நின்றுவிட்டன. அந்தக் காலத்தில் கையில் கிடைத்த அல்னிகோ வகைக் காந்தத்தைப் போட்டார்கள், 2, 3, 4, 5 எல்லாமே உண்டு. சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று மாறும். எனவே பி.ஏ.எஃப். ஒலி என்று ஒற்றை ஒலி கிடையாது. இன்று அந்தப் பெயரில் வருபவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நல்ல பழைய ஜோடியைப் பார்த்துச் செய்தவை. ஆகவே பெயரை விட்டுவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் பார்த்தேன்: எந்தக் காந்தம், எவ்வளவு சுற்று, சுருள் தளராமல் இருக்க மெழுகில் முக்கி எடுத்ததா இல்லையா.

நெக்குக்கு எனக்கு வேண்டியது கட்டுக்கோப்பான பேஸ், தெளிவான மேல்பகுதி. அதற்கு அல்னிகோ 5, குறைந்த சுற்று. பிரிட்ஜுக்கு வேண்டியது நேர்மாறு: கூர்மை கொஞ்சம் தணிய வேண்டும், நடுப்பகுதி கொஞ்சம் தூக்க வேண்டும். அதற்கு அல்னிகோ 2, ஒரு பிடி அதிகச் சுற்று. அல்னிகோ 2 காந்தம் பலம் குறைந்தது. பிக் அடிக்கும் கூர்மையை லேசாக உருட்டிவிடும். பலரும் இதை மாற்றிப் போடுகிறார்கள், நெக்குக்கு இனிமை வேண்டும் என்று அல்னிகோ 2-ஐ அங்கே வைக்கிறார்கள். சாலிட் பாடியில் அது அழகாக இருக்கும். செமி ஹாலோவின் நெக்கில் இனிமைக்குப் பஞ்சமே இல்லை, தெளிவுக்குத்தான் பஞ்சம்.

அதிக வெளியீடு தரும் வகைகளை முதலிலேயே தள்ளிவிட்டேன். டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் 1970-களின் தொடக்கத்தில் வந்து, பிக்கப் மாற்றுவதையே ஒரு தனித் தொழிலாக்கிய பிக்கப். சீமோர் டங்கனின் ஜே.பி.யும் அருமையானதுதான். ஆனால் அவை ஆம்பை முன்கூட்டியே திணறவைப்பதற்காகச் சுற்றப்பட்டவை. இந்தக் கிட்டாரில் அது இரண்டு வகையில் நஷ்டம்: ஊளை சீக்கிரம் வரும், உள்ளே இருக்கும் வெற்றிடம் தரும் அந்த மூச்சு அமுங்கிவிடும். கெய்ன் வேண்டுமானால் பெடலில் வைத்துக்கொள்ளலாம்.

மனதை இழுத்தவை வேறு சில. டங்கனின் சேத் லவர் மாடல்: அல்னிகோ 2, நிக்கல் சில்வர் கவர், மெழுகு இல்லை. சேத் லவரே சீமோர் டங்கனுடன் சேர்ந்து வேலை செய்து உருவாக்கியது. மெழுகில் முக்காததால் ஒரு உயிர்ப்பு இருக்கும் என்பார்கள், அது உண்மைதான். பிக்கப் துளி மைக்காகவும் வேலை செய்கிறது என்பதுதான் அந்த உயிர்ப்பு. கிப்சனின் பர்ஸ்ட்பக்கரும் மெழுகில்லாதது, சுருள்கள் இரண்டிலும் சுற்று எண்ணிக்கை வேண்டுமென்றே வேறுபட்டிருக்கும். வீட்டுச் சத்தத்தில் வாசிப்பவருக்கு நான் தயங்காமல் இவற்றைச் சொல்வேன். டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஆம்பை ஒட்டி நின்று வாசிப்பவன் நான். கீச்சால் அவதிப்பட்டுவிட்டு மறுபடியும் அதே வலையில் போய் விழ மனமில்லை.

ஹம்பக்கர் அளவுக் கூட்டில் வரும் பி-90 இன்னொரு ஆசை. 1946-இல் வந்த ஒற்றைச் சுருள் பிக்கப், அதன் கரகரப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹம் என்னும் மின்சார இரைச்சலும் கூடவே வரும், மங்கலாக்கும் வசதியுள்ள விளக்குகள் இருக்கும் மேடையில் அது பெரிய தலைவலி. ரே பட்ஸ் கிரெட்ச் கிட்டார்களுக்காகச் செய்த ஃபில்டர்ட்ரான் வகை 4 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும், ஆனால் மின்னும். அதன் அளவே வேறு என்பதால் ஹம்பக்கர் வளையத்தில் பொருந்தும்படி செய்த பதிப்பைத் தேடிப்பிடிக்க வேண்டும். இரண்டையும் இன்னொரு கிட்டாருக்கு என்று ஒத்திவைத்தேன்.

கடைசியில் எடுத்தது: நெக்குக்கு டங்கன் 59, பிரிட்ஜுக்கு கிப்சன் 57 கிளாசிக் பிளஸ். முதலாவது அல்னிகோ 5, நெக் பதிப்பு 7.4 கிலோ ஓம் பக்கம். இரண்டாவது அல்னிகோ 2, சாதாரண 57 கிளாசிக்கைவிடக் கொஞ்சம் அதிகச் சுற்று. இரண்டும் மெழுகில் முக்கியவை. வேறு வேறு நிறுவனத்தில் ஜோடி சேர்ப்பது தேவையில்லாத சிக்கல் என்று சிலர் சொல்வார்கள். காது கேட்பது காந்தத்தையும் சுருளையும், லேபிளை அல்ல. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ஃபேஸ், அதாவது இரண்டின் சைகையும் ஒரே திசையில் ஏறி இறங்குவது.

ஃபேஸ் சோதனை

இரண்டு பிக்கப்பும் எதிரெதிர் ஃபேஸில் இருந்தால் தனித்தனியாக எந்தக் குறையும் தெரியாது. சுவிட்ச் நடுவுக்கு வந்ததும் பேஸ் காணாமல் போய், ஒலி மெலிந்து ஒதுங்கிவிடும். ஃப்ளீட்வுட் மேக் கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீனின் லெஸ் பால் கிட்டாரில் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தது, அதுவே அவர் முத்திரையாகிவிட்டது. எனக்கு வேண்டாம்.

மாட்டுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து பிக்கப்பின் ஹாட் வயரில் (சைகை வரும் வயர்) சிவப்பு முனையையும் கிரவுண்டில் கறுப்பு முனையையும் பிடியுங்கள். ஒரு இரும்பு ஸ்குரூடிரைவரைக் கவரின் மேல் பட்டென்று வைத்து, எண் ஒரு கணம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். எடுக்கும்போது அது எதிர்ப்பக்கம் போகும். இரண்டு பிக்கப்பிலும் வைக்கும்போது ஒரே பக்கம் போனால் ஃபேஸ் ஒத்துப்போகிறது. என்னிடம் இருந்த இரண்டும் ஒத்துப்போயின.

ஒத்துப்போகாவிட்டாலும் வழி வைத்திருந்தேன். நெக்கை நான்கு வயர் உள்ள பதிப்பாகவே வாங்கியிருந்தேன். டங்கன் நிறக் கணக்கில் கறுப்பு ஹாட், வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகச் சேர்ந்து மூடப்படும், பச்சையும் வெற்று வயரும் கிரவுண்டுக்கு. ஃபேஸைத் திருப்ப வேண்டுமானால் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றினால் போதும், கவர் வெற்று வயர் வழியாகத் தனியாகக் கிரவுண்டில் இருக்கும். பழைய பாணிப் பின்னல் வயரில் இது முடியாது. திருப்பினால் கவரே ஹாட் ஆகி, கை பட்டதும் உறுமும். அதில் காந்தத்தைத்தான் உருவித் திருப்ப வேண்டும்.

எஃப் துளை வழியாக

இந்த வேலையில் பொறுமையைக் கேட்பது இந்தக் கட்டம்தான். பின்பக்க மூடி எதுவும் கிடையாது. நான்கு பாட், மூவழி சுவிட்ச், ஜாக், எல்லாம் எஃப் துளை வழியாகவே வெளியே வந்து, அதே வழியாக உள்ளே போக வேண்டும்.

முதலில் அளவுகள். முழு அளவு பாட்டின் உடல் 24 மி.மீ. சுற்றளவல்ல, விட்டம். எஃப் துளையின் அகலமான இடம் அதைவிடக் குறுகலாக இருந்தால், பிரிட்ஜ் பிக்கப் குழியிலிருந்து பக்கவாட்டில் வெற்றிடத்துக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். சில கிட்டார்களில் இதற்காகவே நடுக்கட்டையைக் குடைந்திருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் 16 மி.மீ. சின்னப் பாட்டுகள்தான். என்னுடையதில் பாட்டைச் சாய்த்தால் உரசிக்கொண்டு உள்ளே போனது. துளை ஓரத்தில் பெயிண்ட் பெயராமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன்.

இன்னொன்று, மலிவு மாடல்களில் பாட்டின் கழுத்துக்கான துளை சின்னது. அமெரிக்க அளவுப் பாட்டுக்கு 9.5 மி.மீ. வேண்டும். டிரில் பிட்டை வைத்து அகலப்படுத்தாதீர்கள், மேல்பலகை அடுக்குப்பலகை என்பதால் பிய்ந்துகொண்டு வரும். கையால் திருகும் ரீமர் போதும், மெதுவாக, மேலிருந்து. குமிழ்களையும் கவனியுங்கள்: பாட்டின் தண்டில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை இரண்டு அளவுகளிலும் வேறு, பழைய குமிழ் புதுத் தண்டில் ஏறாமல் போகலாம். வலுக்கட்டாயமாக ஏற்றினால் விரிந்துவிடும்.

கம்பிகளைக் கழற்றி, பிரிட்ஜையும் டெயில்பீஸையும் எடுத்து ஒரு துணியில் வைத்தேன். பிறகு ஒரு அட்டையை மேல்பலகை மீது வைத்து, நான்கு பாட், சுவிட்ச் துளைகளின் மேல் பென்சிலால் குத்தினேன். இதுதான் வயரிங்கின் அச்சு. பாட்டுகளை அந்த அட்டையில் மாட்டி, கிட்டாரில் இருக்கும் அதே தூரத்தில் வைத்து, வெளியிலேயே முழு வயரிங்கையும் சால்டர் செய்துவிடலாம். அட்டையைத் திருப்பிப் பிடிக்கும்போது இடது வலது மாறும். அதனால் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் நெக் வால்யூம், பிரிட்ஜ் டோன் என்று இரண்டு பக்கமும் எழுதி வைத்தேன்.

சால்டரிங் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டின் முதுகைக் கொஞ்சம் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கனமான நுனியுள்ள அயர்னால் சட்டென்று முடியுங்கள். நீண்ட நேரம் சூடேற்றினால் பாட் கெடும்.

வயரிங் முறையில் மட்டும் ஒரு தேர்வு உண்டு. டோன் கெபாசிட்டரை வால்யூம் பாட்டின் உள்வரும் காலில் போடாமல் வெளியேறும் நடுக்காலில் போட்டேன். 1950-களின் கிப்சன் முறை அது. வால்யூமைக் குறைக்கும்போது டிரெபிள் கூடவே மங்குவதில்லை. வால்யூமை 6, 7-இல் வைத்தே பெரும்பாலும் வாசிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். பாட்டுகள் எல்லாம் 500 கிலோ ஓம், கைவசம் இருந்தவற்றில் அளந்து பெரியது இரண்டை நெக்குக்குக் கொடுத்தேன். கெபாசிட்டர் வழக்கமான 0.022 மைக்ரோஃபாரட்.

உள்ளே தள்ளுவதற்கு முன், அட்டையில் இருக்கும்போதே இரண்டு பிக்கப்பையும் இணைத்து, ஜாக்கை ஆம்பில் செருகி, ஸ்குரூடிரைவரால் திருகாணித் தலைகளைத் தட்டிப் பார்த்தேன். சுவிட்சின் மூன்று நிலை, நான்கு பாட்டும் சுழலும்போது வரும் மாற்றம், எல்லாம். இங்கே ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் பார்த்தால், ஒரு விட்டுப்போன இணைப்புக்காக முழுவதையும் மறுபடி வெளியே இழுக்க வேண்டிவரும். பின்னல் வயர் வெறுமனே இருப்பதால் அது உள்ளே எதையாவது தொட்டு ஷார்ட் ஆகாதபடி, பாட்டுகளுக்குப் பக்கத்தில் போகும் பகுதி முழுவதற்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன்.

இப்போது உள்ளே. மீன் தொட்டிக்குக் காற்று போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒவ்வொரு பாட்டின் தண்டிலும் இறுக்கமாக ஏறும். குழாயைப் பாட் துளை வழியாக மேலிருந்து விட்டு, எஃப் துளையில் வெளியே எடுத்து, தண்டில் மாட்டி, மெதுவாக இழுத்தால் பாட் தானே தன் இடத்துக்கு வந்து தலை நீட்டும். நான்கு குழாயிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தேன். சுவிட்சுக்குக் கெட்டியான நூல். ஜாக்குக்குப் பழைய கிட்டார் கம்பி: அதன் முனையில் இருக்கும் குண்டு ஜாக்கின் உள்ளே மாட்டிக்கொள்ளும். எஃப் துளையிலிருந்து எது தூரமோ அதை முதலில் அனுப்ப வேண்டும். பக்கத்தில் இருப்பதை முதலில் அனுப்பினால் அது வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

பாட் மேலே வந்ததும் குழாயை உடனே உருவக் கூடாது. வாஷரையும் நட்டையும் குழாய் வழியாகவே கோர்த்து இறக்கி, இரண்டு சுற்று பிடித்த பிறகு உருவுங்கள். டெயில்பீஸ் புஷ்ஷிலிருந்து வரும் கிரவுண்டு வயரை மறக்காதீர்கள். பழைய பாட்டிலிருந்து அதை வெட்டியதும் சுருண்டு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். வெட்டுவதற்கு முன்பே முனையில் ஒரு நூல் கட்டியிருந்ததால் எனக்குத் தப்பியது.

பிக்கப் வளையத்தின் உயரத் திருகாணிகளில் இரண்டு விதமான மரை புழங்குகிறது. புதுப் பிக்கப்போடு வந்த திருகாணியையே போட்டேன். பிக்கப்பின் கால்கள் குழியின் அடியைத் தொடாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். நடுக்கட்டையில் குடைந்த குழி ஆழம் குறைவாக இருந்தால் நீளக் கால் பிக்கப் இறங்கவே இறங்காது.

உயரமும் ஒலியும்

கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, திருகாணித் தலைக்கும் கம்பிக்கும் இடையே நெக்கில் 2.4 மி.மீ., பிரிட்ஜில் 1.6 மி.மீ. என்பது கிப்சன் சொல்லும் தொடக்க அளவு. அங்கிருந்து காதை நம்பிப் போனேன். நெக்கைத் தடித்த கம்பிப் பக்கம் 3 மி.மீ.க்கு மேலேயே இறக்கிவிட்டேன். அங்கே பேஸ் குறைந்ததும் ஆறாவது கம்பி கடைசியில் ஒரு ஸ்வரமாகவே கேட்கத் தொடங்கியது. மூன்றாவது கம்பி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு பிக்கப்பிலும் அதன் திருகாணியை அரைச் சுற்று உள்ளே இறக்கினேன்.

நெக்கில் இப்போது நான்கு கம்பிக் கார்டுகள் பிரிந்து கேட்கின்றன. பிரிட்ஜ் பழையதைவிடச் சத்தம் குறைவு, அது எனக்கு வசதி. கீச்சு முழுவதும் நின்றுவிட்டது. கெய்னை நிறைய ஏற்றி ஆம்புக்கு முகம் கொடுத்து நின்றால் ஊளை வருகிறது, ஆனால் அது கம்பியிலிருந்து வரும் ஊளை, திரும்பி நின்றால் அடங்கிவிடும், சில நேரம் வேண்டுமென்றே வரவழைக்கவும் செய்யலாம். நடு நிலையில் நெக் வால்யூம் 7, பிரிட்ஜ் 10 என்று வைத்தால் நான் தேடிய கணீர் கிடைக்கிறது. இரண்டும் 10-இல் இருந்தால் நெக் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

ஜாஸ் மட்டும் வாசிப்பவர், ஃபிளாட்வவுண்ட் (தட்டையாகச் சுற்றிய வழவழப்பான) கம்பி போடுபவர் என்றால் நெக்கில் அல்னிகோ 5 அவசியமே, அந்தக் கம்பிகளில் மேல்பகுதி ஏற்கெனவே குறைவு. ப்ளூஸ்காரர் பிரிட்ஜில் சாதாரண 57 கிளாசிக்கோடு நிறுத்திக்கொள்ளலாம், பிளஸ் தேவையில்லை.

பழைய இரண்டின் அடியிலும் ஓமும் ஹென்றியும் எழுதி ஒட்டி எடுத்து வைத்திருக்கிறேன். நெக் பிக்கப்பைப் பித்தளைக் கவர் இல்லாமல் ஒரு சாலிட் பாடியில் போட்டுப் பார்க்கலாம். பிரிட்ஜை மெழுகில் முக்கிப் பார்க்கப்போகிறேன்: பாரஃபினோடு ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு, நேரடித் தீயில் இல்லாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், சூடு 65 டிகிரியைத் தாண்டாமல், காற்றுக் குமிழி வருவது நிற்கும் வரை. பிளாஸ்டிக் பாபின் அதற்கு மேல் சூட்டில் வளைய வாய்ப்பிருக்கிறது. அதன் பிறகும் கீச்சிட்டால் அதன் கவரையும் கழற்றிவிடுவேன்.